ஹிம்சை எவரிடத்தில்?

2012ஆம் ஆண்டு மே மாதத்தில், குற்றாலத்தில் சாரல் தொடங்குவதற்கு முன்னரே, நாம் வாழும் ராயகிரிப் பக்கத்தில் காய்ச்சல் தொடங்கிவிட்டது. அப்பொழுது இவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். தெற்கே கடையநல்லூரில் டெங்கு மிகக் கடுமையாக இருந்தது. நாளிதழைப் பிரித்தால் அவ்வூர்ப் பெயர்தான் கண்ணில் படும். அவ்வாண்டு தமிழகத்தில் 12,826 பேருக்கு டெங்கு கண்டது என்றும் 66 பேர் இறந்தனர் என்றும் அரசுக் கணக்கு கூறுகின்றது. அந்தப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் பேரில் ஒருத்தி நம் அடுத்த வீட்டுச் சிறுமி. பதினொரு வயது. பெயர் இங்கு வேண்டா.

காய்ச்சல் கண்ட ஐந்தாம் நாள் அவள் உடம்பு குளிர்ந்தது. சுரம் விட்டது என்று தாய் மகிழ்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றலாமா என்று நம்மிடம் கேட்டுச் சென்றாள். அன்று மாலையே வயிற்றுவலி, வாந்தி, கைகால் சில்லிட்டுப் போதல். டெங்குவில் சுரம் தணியும் அந்த ஓரிரு நாள்களே கண்டம் என்பதை அவளும் அறியாள், நாமும் அறியோம். இரத்தக் குழாய்களின் சுவர் கசிந்து, உள்ளிருக்கும் நீர் வெளியேறுவது அப்பொழுதுதான் நிகழ்கின்றதாம். பாளையங்கோட்டைக்குக் கொண்டு சென்றார்கள். ஒன்பது நாள் கழித்துத் திரும்பினாள். குழந்தை பிழைத்தாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். படிப்பவர் நெஞ்சைப் பதைக்க வைத்து எழுதுவது நமக்குப் பழக்கமன்று.

திரும்பி வந்தவள் ஒரு நாள் நம் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தாள். மருத்துவர் அவள் தந்தையிடம் கூறியதை அவளும் கேட்டிருக்கின்றாள். முந்தைய ஆண்டு அவளுக்கு வந்து மூன்று நாளில் போன காய்ச்சலும் டெங்குவாகவே இருந்திருக்க வேண்டும் என்றும், அதனை எதிர்க்க இரத்தத்தில் உண்டான பொருளே இம்முறை நோயைப் பெரிதாக்கியது என்றும் அவர் சொன்னாராம். "ஏன் டீச்சரம்மா, என் ரத்தமே எனக்கு எதிரி ஆயிட்டோ?" என்று கேட்டாள்.

முப்பத்தாறு ஆண்டுகள் பள்ளியில் பாடம் சொன்ன நமக்கு விடை தெரியவில்லை. 1970இல் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தபொழுது முதல் மாதத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள்: மாணவன் கேட்பது தெரியாததாயின் மழுப்பலாகாது, அறிந்து வந்து சொல்கின்றேன் என்று கூறி, அவ்வாறே அறிந்து வந்து சொல்ல வேண்டும். அந்தக் கடன் நெடுநாள் நிலுவையில் நின்றது. அதனினும் பெரிய நிலுவை ஒன்று உண்டு. அது நம் வீட்டு முற்றத்துத் தொட்டியைப் பற்றியது.

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, கணவர் பணியின் பொருட்டு இம்மலையடிவாரத்திற்கு வந்தவர்கள் நாம். சமணக் குடும்பம் என்று சொல்லிக்கொள்ள இவ்வூரில் நம் வீடு ஒன்றே. ஆயினும் அன்னையார் கற்பித்த ஒழுக்கங்களை இயன்றவரை விட்டதில்லை. குடிநீரை இரட்டைத் துணியில் வடிகட்டுவோம். வடிதுணியில் தங்கிய சிற்றுயிர்கள் மடியலாகாது என்பதால் துணியைத் தலைகீழாகத் திருப்பி நீரில் அலசி விடுவோம். எடுத்த இடத்திலேயே விட வேண்டும் என்பது முறை. கிணறு இருந்த காலத்தில் கிணற்றில் விட்டோம். குழாய்நீர் நாள் விட்டு நாள் வரத் தொடங்கிய பிறகு எங்கே விடுவது? முற்றத்துச் சிமெண்டுத் தொட்டியில் விட்டோம். செடிகளுக்கு ஊற்றும் நீர் அதில் எப்பொழுதும் நிற்கும். ஓர் உயிரையும் வதைக்கவில்லை என்ற நிறைவு நமக்கு.

அந்த மே மாதத்தில் சுகாதாரப் பணியாளர் ஒருவர் வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார். கொசுப்புழுக்கள் நெளிவதைக் காட்டி, அபேட் மருந்தை ஊற்றக் குப்பியைத் திறந்தார். நாம் கையைக் காட்டித் தடுத்தோம். "மருந்து வேண்டா அம்மா, நாங்களே தொட்டியைக் கழுவி மூடி விடுகின்றோம்" என்றோம். டீச்சர் சொன்னால் செய்வார்கள் என்று நம்பி அவர் அடுத்த வீட்டுக்குப் போனார். நாம் கழுவவில்லை. அந்த வாரம் வடக்கிலிருந்து உறவினர் சிலர் கழுகுமலைத் தீர்த்தங்கரர் உருவங்களைத் தரிசிக்க வந்திருந்தனர். அவர்களோடு கழுகுமலைக்குப் போய்விட்டோம். அடுத்த வாரம் மறந்தோம். அதற்கடுத்த வாரம் அந்தச் சிறுமிக்குக் காய்ச்சல். நம் தொட்டியில் பிறந்த கொசுவே அவளைக் கடித்தது என்று எவராலும் நிறுவ இயலாது. இல்லை என்றும் நிறுவ இயலாது.

இனி அவள் கேட்ட கேள்விக்கு வருவோம். அறிவியலில் நமக்குப் பட்டம் கிடையாது. படித்தும், இப்பகுதி மருத்துவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதையே கூறுகின்றோம்.

டெங்குவை உண்டாக்கும் வைரஸ் தானாக உண்பதில்லை, மூச்சு விடுவதில்லை, வளர்வதில்லை. புரதமும் கொழுப்பும் கலந்த ஓர் உறைக்குள் ஏறத்தாழ 11,000 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு சுவடி; அவ்வளவே. நம் உயிரணுவுக்குள் புகுந்தால், உயிரணுவின் கருவிகளைக் கொண்டே அச்சுவடி ஆயிரக்கணக்கில் படியெடுக்கப்படுகின்றது. படியெடுப்பவர் பிழை திருத்துவதில்லை என்பதே இதில் முக்கியம். ஏட்டுச் சுவடிகளில் பாடபேதம் தோன்றும் விதத்தை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. சீவக சிந்தாமணியை 1887இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தபொழுது, கும்பகோணத்துச் சமணர்கள் உடனிருந்து உதவினர். ஏட்டுக்கு ஏடு எழுத்து மாறியிருக்க, எது சரியான பாடம் என்று தேர அவர் பட்ட பாட்டை அனைவரும் அறிவோம். வைரஸின் சுவடிக்கு அத்தகைய பதிப்பாசிரியர் எவரும் இல்லை. பிழைபட்ட படிகளுள் பெரும்பாலானவை பயனற்று அழியும். ஏதோ ஒரு படியின் பிழை, உடலின் காவலுக்கு அடையாளம் தெரியாதபடி உறையைச் சற்றே மாற்றிவிடுமானால், அந்தப் படி தப்பிப் பெருகும். தப்ப வேண்டும் என்று அது எண்ணவில்லை. எண்ணுவதற்கு அதனிடம் ஒன்றும் இல்லை. தப்பியது எஞ்சியது; அவ்வளவே. இதனைத்தான் வைரஸ் பரிணமிக்கின்றது என்கின்றார்கள்.

நம் உடலின் காப்பும் இதே வழியில் நடக்கின்றது என்பதைப் படித்தபொழுது வியந்து போனோம். மனிதரின் மரபணுக்கள் ஏறத்தாழ இருபதாயிரம். உலகிலுள்ள கிருமிகளோ எண்ணில் அடங்கா. நாளைக்குத் தோன்றப் போகின்றவையும் உள. ஒவ்வொன்றுக்கும் ஒரு மரபணு வைத்திருக்க இயலாது. ஆதலின் உடல் சில மரபணுத் துண்டுகளை எடுத்து, சீட்டுக்கட்டைக் கலைத்து அடுக்குவது போல் மாற்றி மாற்றிச் சேர்த்து, கோடிக்கணக்கான வகை எதிர்ப்பொருள்களை உருவாக்கி வைத்துக்கொள்கின்றது. இதனைக் கண்டறிந்த ஜப்பானிய அறிஞர் சுசுமு தொனெகாவாவிற்கு 1987இல் நோபல் பரிசு வழங்கினர். ஒரு கிருமி நுழைந்ததும், அதனோடு ஏதோ ஒருவாறு பொருந்தும் எதிர்ப்பொருளைத் தாங்கிய வெள்ளணு பெருகத் தொடங்கும். பெருகும்பொழுது அதன் எதிர்ப்பொருளுக்கான எழுத்துகளில் வேண்டுமென்றே என்னும்படி பிழைகள் நுழைக்கப்படுகின்றன. பிழையால் பொருத்தம் குறைந்தவை மடிய, கூடியவை பெருகும். நிணநீர்க் கணுக்களில் சில வாரங்களுக்குள் இது நடந்து முடிகின்றது. காய்ச்சல் கண்ட குழந்தையின் கழுத்தில் நெறி கட்டியிருக்கின்றது என்கின்றோமே, அதற்குள் நடப்பது இதுவே. வைரஸ் பிழையால் தப்புகின்றது; உடல் பிழையால் கற்கின்றது.

இவ்வளவு வகைகளை உண்டாக்கும்பொழுது, தன் உடலையே தாக்கும் அணுக்களும் தோன்றுமல்லவா? தோன்றத்தான் செய்கின்றன. மார்பெலும்புக்குப் பின்னே தைமஸ் என்றொரு சுரப்பி உண்டு. ஒரு வகை வெள்ளணுக்கள் அங்கே சென்று தேர்வு பெற்ற பின்னரே உடலுக்குள் அனுப்பப்படுகின்றன. எதனையும் அடையாளம் காணத் தெரியாதவை அங்கேயே மடிகின்றன. தன் உடலையே பகையென்று பற்றுபவையும் அங்கேயே மடிகின்றன. நூற்றுக்கு ஐந்துகூடத் தேறுவதில்லை. நாம் படித்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் தேர்ச்சி விகிதம் இதனினும் மேல்! தேர்வில் தப்பி வெளிவந்தவற்றை அடக்கி வைக்கவென்றே வேறொரு வகை வெள்ளணுக்கள் இருக்கின்றன. அவற்றைக் கண்டறிந்து விளக்கியதற்காக ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகிய மூவர்க்கு 2025இல் நோபல் பரிசு கிடைத்தது. அடக்கமும் காப்பின் ஒரு பகுதி என்பதை இவ்வளவு காலம் கழித்தே அறிவியல் விளங்கிக்கொண்டது.

டெங்கு வைரஸ் ஒன்றன்று, நான்கு. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல ஒன்றை ஒன்று ஒத்தும் வேறுபட்டும் இருப்பவை. முதல் வகையால் காய்ச்சல் வந்து தேறியவர்க்கு அவ்வகை மீண்டும் வருவது அரிது. எதிர்ப்பொருள் அதனைப் பற்றிச் செயலறச் செய்துவிடும். அவரை ஓராண்டோ இரண்டாண்டோ கழித்து இரண்டாம் வகை தொற்றுகின்றது என்று கொள்வோம். பழைய எதிர்ப்பொருள் இதனையும் தெரிந்தவன் என்று எண்ணிப் பற்றுகின்றது. ஆனால் பிடி தளர்வானது, வைரஸ் செயலிழப்பதில்லை. எதிர்ப்பொருள் ஒட்டிய எதனையும் விழுங்குவது சில வெள்ளணுக்களின் வேலை. அவை இதனையும் விழுங்குகின்றன. டெங்கு வைரஸ் பெருகுவதற்கு உகந்த இடமோ அந்த வெள்ளணுக்களேதாம். காவற்காரன் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் சென்றது போலாயிற்று. பாங்காக்கில் 1960களில் குழந்தைகளிடையே பணியாற்றிய ஸ்காட் ஹால்ஸ்டெட் என்னும் மருத்துவர், கடுமையான டெங்கு பெரும்பாலும் இரண்டாம் முறை வருவோர்க்கே நேர்வதைக் கண்டு, இவ்விளக்கத்தை முன்வைத்தார். பலர் அன்று ஏற்கவில்லை. நிகராகுவா நாட்டுச் சிறுவர்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலிமை சேர்த்தது. எதிர்ப்பொருள் மிகுதியாக இருப்பின் காக்கின்றது. மிகக் குறைவாயின் தீங்கில்லை. இடைப்பட்ட ஓர் அளவில் இருக்கும்பொழுதே நோய் கடுமையாகின்றது என்பது அதன் முடிவு.

நால்வகையும் ஒரே ஊரில் ஒன்றையொன்று அழிக்காமல் நிலைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்று கணித வழியில் ஆராய்ந்தோர் கூறியுள்ளனர். ஒன்றினால் விளைந்த காப்பு மற்றொன்றுக்கு ஏணியாகின்றது. நம் காப்பு வைரஸை உருவாக்க, வைரஸ் நம் காப்பை உருவாக்க, இரண்டும் நெடுங்காலமாகப் பின்னிக் கிடக்கின்றன.

ஆகவே குழந்தாய், உன் இரத்தம் உனக்கு எதிரி ஆகவில்லை. அது முந்தைய காய்ச்சலை நினைவில் வைத்திருந்தது. அந்த நினைவு ஏறக்குறையச் சரியாக இருந்தது. முற்றும் சரியாக இல்லை. இப்படித்தான் அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

நினைவு முற்றும் சரியாக அமைந்ததற்கும் சான்று உண்டு. நம் வயதினர் கைகளைப் பாருங்கள். அம்மை குத்திய வட்டத் தழும்பு இருக்கும். பெரியம்மை வைரஸின் சுவடி மெதுவாகவே மாறுவது. அதற்கு நான்கு முகங்கள் இல்லை. மனிதரை விட்டால் தங்க வேறு விலங்கும் இல்லை. எனவே ஒரு தழும்பின் நினைவு நெடுங்காலம் போதுமானதாயிற்று. 1975இல் இந்தியாவை விட்டும், 1980இல் முறைப்படி உலகை விட்டும் அது நீங்கியது. அந்த மருந்தைக் கிண்டி கிங் நிலையத்தில் கன்றுகளின் தோலில் வளர்த்து எடுத்தார்கள். நம் பாட்டியார் அதனைக் கேள்விப்பட்டு, கன்றை நோகச் செய்து எடுத்ததை என் பேத்திக்குக் குத்தாதே என்று வாசலில் நின்று மறித்தாராம். தாத்தா அவரை உள்ளே அழைத்துப் போய் ஏதோ பேசினார்; பிறகு குத்தினார்கள். என்ன பேசினார் என்று கடைசிவரை இருவரும் சொல்லவில்லை. நாமும் கேட்காமல் விட்டோம்.

டெங்குவிற்கும் தடுப்பூசி கண்டார்கள். 2016இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் குழந்தைகளுக்கு அதனைப் போட்டார்கள். முன்பே ஒருமுறை டெங்கு கண்ட குழந்தைகளுக்கு அது நன்மை செய்தது. ஒருமுறையும் காணாத குழந்தைகளுக்கோ, ஊசியே முதல் தொற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது; அதன் பின் உண்மையாகவே டெங்கு வந்தபொழுது அவர்களுக்கு நோய் கடுமையாவதற்கான வாய்ப்பு கூடியது. 2017 நவம்பரில் ஊசியைத் தயாரித்த நிறுவனமே இதனை அறிவித்தது; திட்டம் நிறுத்தப்பட்டது. எத்தனை தாய்மார் என் பிள்ளை எந்த வகை என்று தெரியாமல் தவித்திருப்பார்கள்! அவ்வச்சத்தால் அந்நாட்டில் வேறு நோய்களுக்கான ஊசிகளையும் மக்கள் மறுக்கலாயினர். நல்லெண்ணம் இருந்தது, தெரியாத ஒன்று எஞ்சியிருந்தது. ஹால்ஸ்டெட் உள்ளிட்ட சிலர் முன்னரே எச்சரித்திருந்தனர் என்பதால் முற்றும் தெரியாதது என்றும் சொல்வதற்கில்லை.

இனி முயல்களின் கதை. ஆஸ்திரேலியாவில் 1859இல் வேட்டைக்காக விடப்பட்ட ஐரோப்பிய முயல்கள் பெருகிப் பயிரையும் புல்லையும் அழித்தன. அவற்றைக் கொல்லும்பொருட்டு 1950இல் மிக்சோமா என்னும் வைரஸை அறிந்தே அவிழ்த்துவிட்டார்கள். தொடக்கத்தில் தொற்றிய நூறு முயல்களில் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மடிந்தன. மனிதர்க்குத் தீங்கு செய்யாது என்று காட்ட, பிராங்க் பென்னர் உள்ளிட்ட மூன்று அறிஞர்கள் அதனைத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார்கள். பின்பு பெரியம்மை ஒழிந்ததை உறுதி செய்த உலகக் குழுவிற்குத் தலைமை தாங்கியவரும் இதே பென்னர்தாம். சில ஆண்டுகளில் இரண்டு மாறுதல்கள் நேர்ந்தன. முயலை உடனே கொல்லும் வைரஸ், கொசு அதனை எடுத்துச் செல்லுமுன்னரே முயலோடு மடிந்தது. சற்று மெதுவாகக் கொல்லும் வகை பரவியது. முயல்களிலும் தாக்குப்பிடித்தவற்றின் குட்டிகளே எஞ்சின. இதனைக் கேட்போர், காலப்போக்கில் வைரஸ் சாதுவாகிவிடும் போலும் என்று மகிழ்வர். நாமும் மகிழ்ந்தோம். பிற்காலத்தில் முயல்களின் எதிர்ப்பு வலுத்தபொழுது, அவ்வெதிர்ப்பையே அடக்கும் புதிய கடுமை அதே வைரஸில் தோன்றியதைக் கண்டுள்ளார்கள். சாதுவாக வேண்டும் என்ற விதி எதுவும் அதற்கில்லை.

இக்கதையில் கொன்றது எது? வைரஸா? அதற்குக் கோபம் இல்லை. முயலைத் தேடிப் போகவும் இல்லை. முயலை வேட்டைக்கென்று கப்பலில் கொண்டு வந்தவரும், பின்பு அதனை மாய்க்கவென்று நோயை அவிழ்த்தவரும் மனிதர்.

வைரஸும் உயிரும் பின்னிக் கிடப்பதில் கொலை மட்டுமே உண்டு என்று கொள்ளவும் இயலவில்லை. மனிதரின் மரபுச் சுவடியில் நூற்றுக்கு எட்டுப் பங்கு, முன்னொரு காலத்தில் நம் முன்னோரைத் தொற்றி உள்ளேயே தங்கிவிட்ட வைரஸ்களின் எச்சம். பெரும்பாலும் அவை வெறும் எச்சங்கள். அவற்றுள் ஒன்று, கருவுற்ற தாயின் நஞ்சுக்கொடி உருவாவதற்கு இன்றியமையாத புரதத்தைத் தருகின்றது என்று 2000ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். உயிரணுவின் சுவரோடு ஒன்றி உள்நுழைய வைரஸ் பயன்படுத்திய அதே திறம், தாய்க்கும் சேய்க்கும் இடையே உள்ள அணுக்களை ஒன்றாக இணைக்கப் பயன்படுகின்றது. தொற்று வழியே வந்த ஒன்று இல்லாமல் நம்முள் எவரும் பிறந்திருக்க மாட்டோம். இதனைப் படித்த அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

வௌவால்களையும் சொல்ல வேண்டும். 2018இல் கோழிக்கோட்டில் நிபா வந்தபொழுது பழந்தின்னி வௌவால்களைப் பற்றி எல்லோரும் அஞ்சினர். மனிதரைக் கொல்லும் வைரஸ்கள் அவற்றின் உடலில் பெரும்பாலும் தொல்லையின்றித் தங்கியிருக்கின்றன. அவற்றின் உடற்காப்பு வலிமையில் குறைந்ததன்று. அழற்சியைக் கிளப்புவதில் அளவோடு நிற்பது. அதே வைரஸ் மனித உடலில் புகுந்தால், காப்பு கட்டுமீறிக் கிளம்பி நுரையீரலையும் மூளையையும் சிதைக்கின்றது. கொரோனாக் காலத்தில் பலர் மாண்டதும் இவ்விதமே. வௌவால்கள் அஞ்சும் என்பதால் தீபாவளிக்கு வெடி வெடிக்காத சிற்றூர்கள் தமிழகத்தில் உள்ளன. அவ்வூரார் எவரும் இந்த ஆராய்ச்சியைப் படித்தவரல்லர்.

இவை அனைத்தும் நம் சாத்திரங்களில் முன்பே கூறப்பட்டுள்ளன என்று எழுதுவோர் உண்டு. அது நமக்கு உடன்பாடில்லை. நிகோத உயிர்களைப் பற்றி ஆகமங்கள் கூறுவது வேறு, வைரஸ் வேறு. வைரஸ் உயிரா அன்றா என்பதில் இன்றைய அறிஞர்களே உடன்பட்டாரில்லை. ஆகமங்களிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று: இத்தனை உயிர் மாயும் இச்சங்கிலியில் ஹிம்சை எவரிடத்தில் நிகழ்கின்றது?

ஹிம்சைக்கு வேர், செயலுக்குப் பின்னால் உள்ள கஷாயமும் பிரமாதமும் என்றே உமாசுவாமி முதலிய ஆசாரியர்கள் கொண்டனர். பேச்சு வழக்கில் பிரமாதம் என்றால் மிக நன்று என்று பொருள். ஆகம வழக்கில் அதற்குக் கவனமின்மை என்று பொருள். அன்றாடம் இச்சொல்லைப் பாராட்டாகப் பயன்படுத்திக்கொண்டே அதன் மூலப் பொருளை மறந்து வாழ்கின்றோம். இந்த அளவுகோலைக் கொண்டு பாருங்கள். வைரஸுக்குக் கஷாயம் இல்லை. எதிர்ப்பொருளுக்கும் இல்லை. கொசுவோ, முட்டைக்கு வேண்டிய இரத்தம் தேடிய ஒரு தாய். கடிப்பது பெண் கொசு மட்டுமே. இச்சங்கிலி முழுவதிலும் கவனமாக இருக்கக் கூடியவரும், கவனம் தவறக் கூடியவரும் தொட்டிக்குச் சொந்தக்காரியான நாம் ஒருவரே. புழுக்களைக் காத்தோம் என்று நிறைந்திருந்த அந்த நாள்களில் நம்மிடம் இருந்தது கருணை என்றே எண்ணியிருந்தோம். இன்று எண்ணிப் பார்த்தால் அதில் பாதி சோம்பல். மீதி, பிறர் கையால் மருந்து விழக்கூடாது என்ற மானம்.

இல்லறத்தார்க்கு விரோதி ஹிம்சை, அதாவது தற்காப்பின் பொருட்டு நேரும் ஹிம்சை, விலக்கப்பட்டதன்று. ஆகவே கொசுவைக் கொல்வதில் குற்றமில்லை என்று நண்பர் ஒருவர் எழுதினார். விரோதி என்பதற்கு விரோதம் வேண்டுமே! கொசுவுக்கு நம்மிடம் என்ன விரோதம்? அச்சொல்லை இங்கே கொண்டு வந்தால், நாளை எதனையும் விரோதி என்று சொல்லிக்கொள்ளலாம். மறுபுறம், கொல்லாமை காக்கின்றேன் என்று தொட்டியைத் திறந்து போட்டுவிட்டு அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பாளையங்கோட்டைக்கு அனுப்புவதையும் அஹிம்சை என்று சொல்லத் துணிவில்லை.

நாம் இப்பொழுது செய்வது இது. தொட்டிக்கு மரப்பலகையால் மூடி செய்திருக்கின்றோம். அதன்மேல் வேட்டித் துணி கட்டியிருக்கின்றோம். முட்டை பொரிந்து கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால் ஐந்து நாளுக்கு ஒருமுறை நீரை வடித்துவிடுகின்றோம். நீரை வடித்தால் மட்டும் போதாது. இக்கொசுவின் முட்டைகள் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் மறுபடி நீர் பட்டால் பொரியும். ஆதலின் தேங்காய் நார் கொண்டு உட்சுவரைத் தேய்க்கின்றோம். தேய்ப்பது ஹிம்சையே. இல்லை என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதில்லை. அன்றாடப் பிரதிக்கிரமணத்தில் அதனைச் சொல்லிக்கொள்கின்றோம். மூடியைச் சரியாகப் போட்ட வாரங்களில் தேய்ப்பதற்கு ஒன்றும் இருப்பதில்லை. வடிதுணியைத் தொட்டியில் அலசுவதையும் விட்டுவிட்டோம். குழாய்நீரில் வடிதுணியில் தங்குவது என்ன என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம்; துரும்பும் மணலும்தாம் இருந்தன. இதனை முன்பே பார்த்திருக்கலாம்.

அந்தச் சிறுமிக்கு இப்பொழுது இருபத்து நான்கு வயது. தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு வந்தவள். கைக்குழந்தைக்கு ஐந்தாம் மாதம் நடக்கின்றது. அன்றைய கேள்விக்கு விடை அறிந்துவிட்டோம் என்று அழைத்து, மேலே எழுதியவற்றை எல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ என் ரத்தத்துல இருக்கது பிள்ளைக்கும் போயிருக்குமா டீச்சரம்மா?" என்றாள். நாம் எதிர்பார்க்கவில்லை, என்றாலும் இதற்கு விடை தெரிந்திருந்தது. போயிருக்கும். அந்த நஞ்சுக்கொடி வழியாகவே தாயின் எதிர்ப்பொருள்கள் சேய்க்குச் செல்கின்றன. முதற் சில மாதங்கள் அவை குழந்தையை டெங்குவிலிருந்து காக்கும். பிறகு தேய்ந்து தேய்ந்து, காப்பதற்குப் போதாமலும் முற்றும் மறையாமலும் நிற்கும் காலம் ஒன்று வரும். முதலாண்டின் பிற்பாதியில் குழந்தைகட்கு நோய் கடுமையாவது அதனால்தான். இன்னும் ஓரிரு மாதத்தில் அப்பருவம் தொடங்கும். பகலிலும் கொசுவலைக்குள் கிடத்து. சுரம் கண்டால் தணிந்த பின்னும் இரண்டு நாள் விழித்திரு என்றோம்.

சொல்லி முடித்த பின்னும் அவள் எழவில்லை. வேறு வழியின்றி, பதின்மூன்று ஆண்டுகளாகச் சொல்லாமலிருந்த தொட்டியின் கதையையும் சொன்னோம். மருந்தைத் தடுத்தது, கழுகுமலைக்குப் போனது, மறந்தது, எல்லாவற்றையும்.

சற்று நேரம் குழந்தையின் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுத் தொட்டியும் அன்னைக்குத் தொறந்துதான் கெடந்துச்சு டீச்சரம்மா. எங்கம்மா உங்ககிட்டச் சொல்லலியா?" என்றாள். பிறகு குழந்தையை நம் மடியில் கிடத்திவிட்டு, முற்றத்துக்குப் போய் மூடியை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு வந்தாள்.